அம்மா இல்லாத வீட்டில் யார் சமைக்கிறார்கள்?

1995-இல் வந்த 'டாய் ஸ்டோரி'யில் ஆண்டி என்ற சிறுவனுக்கு அப்பா கிடையாது. இறந்துவிட்டாரா, பிரிந்து போய்விட்டாரா, வெளியூரில் வேலை பார்க்கிறாரா, எதையும் படம் சொல்வதில்லை. கைக்குழந்தையாக ஒரு தங்கை வேறு இருக்கிறாள். அப்படியென்றால் கொஞ்ச நாள் முன்புவரை அவர் அந்த வீட்டில் இருந்திருக்க வேண்டும். பிறந்தநாள் விழா நடக்கிறது, சாமான்களைக் கட்டுகிறார்கள், வீடு மாறுகிறார்கள். எல்லாவற்றையும் அம்மா ஒருத்தியே பார்த்துக்கொள்கிறாள். அப்பாவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆண்டி கல்லூரிக்குக் கிளம்பும் மூன்றாம் பாகத்திலும் (2010) பேசுவதில்லை.

இப்படி ஆள் குறைந்த வீடுகள் அனிமேஷன் படங்களில் ஏராளம். ஸ்னோ ஒயிட்டுக்கும் சின்ட்ரெல்லாவுக்கும் சிற்றன்னை உண்டு, அம்மா இல்லை. பினோக்கியோவுக்கு அப்பா மட்டும். கடல்கன்னி ஏரியலுக்கும் புத்தகப்பித்து பெல்லுக்கும் அம்மா எங்கே என்று அந்தப் படங்கள் சொல்லவே இல்லை. டம்போவின் அம்மாவைக் கூண்டில் அடைக்கிறார்கள். பாம்பியின் அம்மாவைச் சுடுகிறார்கள். சிம்பாவின் அப்பா கண்ணெதிரே சாகிறார். நீமோ முட்டையை விட்டு வெளியே வருவதற்குள் அவன் அம்மாவைப் பெரிய மீன் ஒன்று கொன்றுவிடுகிறது. 'ஃப்ரோஸன்' அக்கா தங்கையின் பெற்றோர் கப்பலோடு மூழ்குகிறார்கள்.

2014 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. 1937-இன் ஸ்னோ ஒயிட் தொடங்கி 2013-இன் ஃப்ரோஸன் வரை, நன்றாக ஓடிய 45 குழந்தைகள் அனிமேஷன் படங்களை எடுத்து, அதே ஆண்டுகளில் பெரியவர்களுக்காக வந்த 90 படங்களோடு ஒப்பிட்டிருந்தார்கள். முக்கியப் பாத்திரத்தின் அப்பாவோ அம்மாவோ சாகும் வாய்ப்பு குழந்தைகள் படத்தில்தான் ஐந்து மடங்கு அதிகம் என்று கணக்கு வந்தது. கிறிஸ்துமஸ் இதழ் என்பதால் கொஞ்சம் விளையாட்டான நடையில் எழுதியிருந்தாலும் கணக்கு நிஜமானது. எனக்கு அது ஆச்சரியம் தரவில்லை. அம்மா இல்லாமல் வளர்ந்தவர்கள் இந்தப் படங்களைப் பார்க்கும்போது தானாகவே ஒரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஏன் இப்படி என்று கேட்டால் பலரும் வால்ட் டிஸ்னியின் கதையைச் சொல்வார்கள். படங்கள் வெற்றி பெற்றதும் அவரும் அண்ணன் ராயும் சேர்ந்து பெற்றோருக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வீட்டைச் சூடாக்கும் உலையில் கோளாறு. 1938 நவம்பரில் அதிலிருந்து கசிந்த வாயுவால் அம்மா ஃப்ளோரா இறந்துபோனார். அந்தக் குற்ற உணர்வில்தான் அவர் படங்களில் அம்மாக்கள் இல்லாமல் போனார்கள் என்பது கதை. கேட்கும்போது மனம் கனக்கிறது, ஆனால் ஆண்டு பொருந்தவில்லை. ஸ்னோ ஒயிட் திரைக்கு வந்தது 1937 டிசம்பரில், அதாவது ஃப்ளோரா உயிரோடு இருந்தபோது. பாம்பியின் அம்மா சாவதும் டிஸ்னி யோசித்து வைத்ததல்ல. ஃபெலிக்ஸ் சால்டன் 1923-இல் எழுதிய நாவலிலேயே அவள் செத்துவிடுகிறாள். மகனாக அவருக்கு இருந்த துக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. படங்களுக்குக் காரணம் அது இல்லை என்று மட்டும்தான் சொல்கிறேன்.

காரணம் இன்னும் பழையது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் பிரசவத்தில் பெண்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள், அப்பாக்கள் மறுமணம் செய்தார்கள், வீடுதோறும் சிற்றன்னைகள் இருந்தார்கள். கதைகளும் அப்படியே. இதில் இன்னொரு விஷயமும் நடந்திருக்கிறது. ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது அவளைப் பெற்ற அம்மாதான். 1819 பதிப்பில்தான் அந்த அம்மா பிரசவத்தில் இறந்து, அவள் இடத்துக்குச் சிற்றன்னை வருகிறாள். பெற்றவள் கெட்டவளாக இருக்கக் கூடாது என்பதற்காக அவளைக் கொன்று நல்லவளாக்கிவிட்டார்கள்.

அப்புறம் கதை எழுதுகிறவர்களின் வசதி. பிள்ளை வாசலைத் தாண்டினால்தான் கதை நகரும். அம்மா இருந்தால், 'இருட்டிப் போச்சு, எங்கே கிளம்பிட்டே?' என்று கேட்பாள். கேட்க ஆளில்லாமல் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இந்த வசதிக்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான சான்று அலாவுதீன். பழைய கதையில் அலாவுதீனுக்கு அம்மா உண்டு. தையல்காரரின் விதவை. சும்மா ஓரமாக நிற்கும் பாத்திரமும் இல்லை. ரத்தினங்களை எடுத்துக்கொண்டு சுல்தானின் சபைக்குப் போய், என் மகனுக்கு உங்கள் மகளைக் கொடுங்கள் என்று கேட்பவள் அவள்தான். 1992 படத்துக்கான ஆரம்ப வடிவத்திலும் அந்த அம்மா இருந்தாள். உருப்படாமல் திரியும் மகன், ஒருநாள் உன்னைப் பெருமைப்பட வைப்பேன் என்று அவளிடம் பாடுவதாக ஹோவர்ட் ஆஷ்மன் ஒரு பாட்டும் எழுதினார், ஆலன் மென்கன் மெட்டமைத்தார். 1991 மார்ச்சில் ஆஷ்மன் எய்ட்ஸ் நோயால் இறந்தார். பிறகு கதையைத் திருத்தி எழுதியபோது ஸ்டூடியோ தலைமை அம்மா வேண்டாம் என்றது. அம்மாவும் போனாள், பாட்டும் போனது. திரையில் வந்தவன் அநாதை. 2014-இல் பிராட்வே மேடையில் இதே கதை ஏறியபோது பாட்டு திரும்ப வந்தது, ஆனால் மகன் அதைச் செத்துப்போன அம்மாவுக்குப் பாடினான்.

அதேபோல் சின்ட்ரெல்லா. கிரிம் சொன்ன கதையில் அவளுக்குப் பட்டாடை தருவது தேவதை அல்ல. அம்மாவின் சமாதியில் அவள் நட்டு, அழுது அழுது கண்ணீராலேயே வளர்த்த மரம்தான் தருகிறது. அம்மா செத்தும் மகளைப் பார்த்துக்கொள்கிறாள். 1950 படம் 1697-இல் பெரோ எழுதிய பிரெஞ்சு வடிவத்தை எடுத்துக்கொண்டது. அதில் மரம் கிடையாது. தேவதை வருகிறாள், பூசணிக்காய் வண்டியாகிறது. பூசணிக்காய் அழகுதான், ஆனால் அந்த மரத்தை விட்டுவிட்டார்களே என்று எனக்கு இன்னும் வருத்தம்.

படத்தில் அம்மா இல்லாததை நான் குறையாகச் சொல்லவில்லை. உலகத்தில் நிறைய பிள்ளைகளுக்கு அம்மா இல்லை. ஆள் போன பிறகு அந்த வீடு எப்படி ஓடியது என்று படம் திரும்பிப் பார்ப்பதில்லை, அதுதான் என் குறை. ஃப்ரோஸனில் கப்பல் மூழ்குகிறது, கல்லறை காட்டுகிறார்கள், கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இரண்டு பெண்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல காட்சி அது. அடுத்து படம் மூன்று ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறது. எனக்கு வேண்டியது அந்த மூன்று ஆண்டுகள். பாம்பியில் இதைவிட மோசம். துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, குட்டி பனிக்குள் அம்மாவைத் தேடுகிறது, பெரிய கொம்புள்ள அப்பா வந்து, இனி உன் அம்மா உன்னோடு இருக்க முடியாது என்கிறார். இருவரும் நடந்து மறைகிறார்கள். உடனே வசந்தம், பறவைகள் பாடுகின்றன, பாம்பிக்குக் கொம்பு முளைத்துவிட்டது. குண்டுச் சத்தத்தைவிட அந்தப் பறவைப் பாட்டுதான் என்னால் தாங்க முடியாதது.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அம்மா இறந்துபோனாள். அக்கா பதினொன்றாம் வகுப்பு. அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். டியூட்டி விழும் நாட்களில் இரவு வெளியூரில்தான் தங்குவார். காரியமெல்லாம் முடிந்து சித்தி, அத்தை எல்லோரும் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் காலையிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பைப் பற்றவைத்தவள் அக்கா. அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேட்டு வந்தாள். என் யூனிஃபார்மைத் துவைத்தாள். மார்க் ஷீட்டில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் அப்பா இல்லாத நாட்களில் அவளே கையெழுத்துப் போட்டாள். பள்ளியில் ஒரு ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் யாரும் உங்கள் வீட்டில் இல்லையா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். இல்லை என்பதுதான் பதில். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அக்காவுக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. போகவில்லை. பிறகு தபால் வழியில் பி.காம். படித்தாள்.

எனக்கு வசந்தம் உடனே வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். அம்மா இல்லை என்பது எங்களுக்குத் தினமும் ஒரு வேலையாக இருந்தது. அந்த வேலையை யாராவது செய்தாக வேண்டும்.

அந்த வேலையைக் காட்டிய படம் 'லீலோ அண்ட் ஸ்டிட்ச்'. கிறிஸ் சாண்டர்ஸும் டீன் டெப்ளாயும் இயக்கி 2002-இல் வந்தது. கல்லூரி விடுதியில் அறைத்தோழனின் கம்ப்யூட்டரில் பார்த்தேன். போஸ்டரில் நீல நிறத்தில் ஒரு வேற்றுக்கிரகப் பிராணி, அதுதான் ஸ்டிட்ச், இருந்தது, அதனால் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம் என்று எல்லோரும் உட்கார்ந்தோம்.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் கதை நடக்கிறது. லீலோவுக்கு ஆறேழு வயது இருக்கும். உடம்பெல்லாம் ஈரமாக, ஹூலா நடன வகுப்புக்குத் தாமதமாக வருகிறாள். ஏன் தாமதம் என்று ஆசிரியர் கேட்கிறார். வியாழக்கிழமைகளில் பட்ஜ் என்ற மீனுக்கு வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி கொடுப்பாளாம். அன்று வெண்ணெய் தீர்ந்துவிட்டது, வீட்டில் இருந்தது சூரை மீன் மட்டும். மீனுக்கு மீனையே எப்படிக் கொடுப்பது? அதனால் கடைக்கு ஓடினேன் என்கிறாள். இது ஏன் உனக்கு இவ்வளவு முக்கியம் என்று ஆசிரியர் கேட்க, பட்ஜ்தான் மழையையும் வெயிலையும் கட்டுப்படுத்துகிறது என்கிறாள். மற்ற பிள்ளைகள் இவளைப் பைத்தியம் என்கிறார்கள். நாங்களும் சிரித்தோம்.

படம் பாதி கடந்த பிறகு ஓர் இரவு, தலையணைக்கடியில் வைத்திருக்கும் குடும்பப் படத்தை எடுத்து லீலோ, தான் வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கும் அந்தப் பிராணியிடம் காட்டுகிறாள். முன்னாடி நாங்கள் இப்படித்தான் இருந்தோம், அன்றைக்கு மழை, அம்மாவும் அப்பாவும் காரில் வெளியே போனார்கள் என்கிறாள். அவ்வளவுதான். விபத்தைப் படம் காட்டுவதில்லை. இனி ஒரு மழை வந்து யாரையும் கொண்டுபோகக் கூடாது என்றுதான் அந்தக் குழந்தை வாராவாரம் ஒரு மீனுக்குப் படையல் வைக்கிறாள் என்று அந்த இடத்தில் எனக்குப் பட்டது. படம் அதை விளக்கிச் சொல்லவில்லை, சொல்லாததுதான் நல்லது. பிறகு நான் படத்தை ஒழுங்காகப் பார்க்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டுத்தான் திரும்பி வந்தேன்.

அவளுடைய அக்கா நானி. இருபதை ஒட்டிய வயது. விருந்து நடக்கும் ஓட்டலில் பரிமாறும் வேலை. குழந்தைகள் நலத்துறையிலிருந்து கோப்ரா பபிள்ஸ் என்ற அதிகாரி, கறுப்புக் கண்ணாடி போட்ட மாமிச மலை, வீட்டைப் பார்க்க வருகிறார். நானி மூச்சிரைக்க ஓடிவருகிறாள். தங்கை கதவை உள்ளிருந்து ஆணியடித்து அடைத்திருக்கிறாள். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கிறது, கழுவாத பாத்திரங்கள் கிடக்கின்றன. நானி ஒவ்வொன்றையும் தன் உடம்பால் மறைத்து மறைத்துச் சிரிக்கிறாள். எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். உறவினர் யாராவது திடீரென்று வந்து, 'என்னம்மா, வீடெல்லாம் எப்படிப் போகுது?' என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் எட்டிப் பார்க்கும்போது அக்கா சிரிப்பாளே, அதே சிரிப்பு. மூன்று நாளில் எல்லாம் சரியாக வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையைக் கூட்டிப்போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு அதிகாரி போகிறார்.

அப்புறம் அக்காவும் தங்கையும் போடும் சண்டை. குழந்தைகள் படம் எதிலும் அதற்கு முன் நான் அப்படி ஒரு சண்டையைப் பார்த்ததில்லை. இருவரும் கத்துகிறார்கள், தனித்தனி அறையில் தலையணையில் முகம் புதைத்து அலறுகிறார்கள். ராத்திரி நானி ஒரு பிட்சாத் துண்டை எடுத்துக்கொண்டு வருகிறாள். நம் குடும்பம் உடைந்துபோன குடும்பம்தானே என்று சின்னவள் கேட்கிறாள். இல்லை என்று ஆரம்பித்து, கொஞ்சம், இல்லை நிறைய, என்று பெரியவள் முடிக்கிறாள். அம்மாவாக இருப்பதைவிட அக்காவாக இருக்கும்போதுதான் உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது என்கிறாள் லீலோ. எத்தனை அக்காக்களுக்கு யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள்? நான் என் அக்காவிடம் சொன்னதில்லை.

செத்த பெற்றோரும் அந்த வீட்டில் இருக்கிறார்கள். பிராணியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நானி சொல்லும்போது, குடும்பம் என்றால் யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று அப்பா சொன்னாரே என்று லீலோ அவள் முகத்தில் எறிகிறாள். நானியால் பதில் பேச முடியவில்லை. அப்பா இல்லை, அவர் போட்ட சட்டம் இருக்கிறது. தங்கையை மறுநாள் கூட்டிப்போய்விடுவார்கள் என்று தெரிந்த இரவில் நானி அவளை மடியில் வைத்து ஊஞ்சல் தூளியில் ஆடிக்கொண்டே பாடும் பாட்டு, ஹவாயின் கடைசி அரசி லிலியுவோகலானி எழுதியது, பிரிவுப் பாட்டு. 1893-இல் அவரிடமிருந்து ஆட்சியைப் பறித்தார்கள். ஒரு வீட்டின் இழப்புக்கு அடியில் ஒரு மண்ணின் இழப்பையும் வைத்திருக்கிறார்கள்.

இதே அளவுக்கு நான் மதிக்கும் இன்னொரு படம் ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'என் பக்கத்து வீட்டு டோடோரோ' (1988). அதில் அம்மா சாகவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். என்ன நோய் என்று சொல்வதில்லை. மியாசாகியின் அம்மாவே முதுகெலும்புக் காசநோயால் பல ஆண்டுகள் படுக்கையில் இருந்தவர். அந்தப் படத்திலும் காலையில் அப்பா எழத் தாமதமாகிவிட, மூத்தவள் சாட்சுகி எழுந்து மூன்று பேருக்கும் சாப்பாடு கட்டுகிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மா அவளைத் திருப்பி உட்காரவைத்துத் தலை வாரிவிடுகிறாள். அதுவரை எல்லாவற்றையும் சமாளித்த பெண் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் குழந்தையாகிறாள். அம்மா வீட்டுக்கு வருவது தள்ளிப்போகிறது என்று தெரிந்ததும் உடைந்துபோய், அம்மா செத்துப்போனால் என்ன செய்வது என்று வாய்விட்டு அழுகிறாள். அழும்வரை அவளை அவசரப்படுத்தாமல் படம் காத்திருக்கிறது. ஜப்பானில் இந்தப் படத்தை இசாவோ தகஹாதாவின் 'மின்மினிகளின் கல்லறை'யோடு சேர்த்து ஒரே காட்சியாக வெளியிட்டார்கள். போரில் அம்மாவை இழந்த அண்ணனும் தங்கையும் பட்டினியில் சாகும் கதை அது. ஒருமுறை பார்த்திருக்கிறேன், மறுபடி பார்க்க மாட்டேன்.

பெற்றோரை வைத்துக்கொண்டே கதை சொல்ல முடியாதா? தாராளமாக முடியும். 'டர்னிங் ரெட்'டில் (2022) அம்மா இருப்பதுதான் கதையே. 'என்காண்டோ'வில் பாட்டி முதல் பேரன் வரை மொத்தக் குடும்பமும் ஒரே கூரையின் கீழ். ஆகவே கதை நகராது என்ற சாக்கு இனி செல்லாது.

2025-இல் லீலோ கதையை நிஜ மனிதர்களை நடிக்கவைத்துத் திரும்ப எடுத்தார்கள். முடிவை மாற்றிவிட்டார்கள். நானி கடல் உயிரியல் படிக்க கலிஃபோர்னியாவில் சான் டியேகோவுக்குப் போகிறாள். லீலோவைப் பக்கத்து வீட்டுப் பாட்டி பொறுப்பெடுத்துக்கொள்கிறாள். நினைத்த நேரத்தில் வந்துபோக வேற்றுக்கிரகக் கருவி ஒன்று இருக்கிறது. பழைய படத்தில் நானிக்குக் குரல் கொடுத்த டியா கரேரே இதில் சமூகநல அதிகாரியாக வருகிறார். பலருக்குக் கோபம், எனக்கும்தான். யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று சொன்ன கதை, தங்கையை விட்டுவிட்டுப் போவதில் முடியலாமா? ஹவாய்ப் பல்கலைக்கழகத்திலேயே கடல் உயிரியல் சொல்லித்தருகிறார்கள். பக்கத்துத் தீவு, விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சொந்த மண்ணை விட்டு அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போனால்தான் ஒரு பெண்ணுக்கு வாழ்க்கை என்று அந்தத் தீவின் பிள்ளைகளுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

இதையெல்லாம் அக்காவிடம் போனில் கொட்டினேன். அவள் தன் மகளோடு படத்தைப் பார்த்திருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ள போனது சரிதான் தம்பி" என்றாள்.

"அந்தச் சின்னதை விட்டுட்டா?"

"விட்டுட்டா போனா? அந்தப் பாட்டி இருக்காங்கல்லா. எனக்கு அப்படி ஒரு பாட்டி இருந்திருந்தா நானும் மதுரைக்குப் போயிருப்பேன்."

பக்கத்து வீட்டு ஆச்சி அரிசிக்குத் தண்ணீர் அளவு சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அக்கா சொல்வதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. 2002 படத்தில் நானி வேலை தேடி ஊரெல்லாம் அலைகிறாள். உனக்கு என்ன படிக்க ஆசை என்று அவளை ஒருவரும் கேட்பதில்லை, அதிகாரி கேட்பதில்லை, தங்கையும் கேட்பதில்லை. கேட்ட படம் புதியதுதான். கேட்டுவிட்டு அதற்கான விடையை ஒரு மாயக் கருவியை வைத்துச் சுலபமாக்கிக்கொண்டது என்பது என் கட்சி. தங்கை தினமும் காலையில் எழுந்து, அக்கா இல்லாத சமையலறைக்குள் போகும் காட்சி ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். அதை வைக்கத் துணிவில்லாமல்தான் கருவியை வைத்தார்கள் என்றேன். "சினிமால அதெல்லாம் காட்டுனா பிள்ளைக அழும்டா" என்றாள். அழட்டுமே என்றேன்.

இதில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவள் மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. வெளியூர்க் கல்லூரிகளுக்கு மட்டும் விண்ணப்பம் போடச் சொல்லியிருக்கிறாள்.